கொடுத்த கையோடு கேட்கக் கூடாது

1

மூன்று நாளாக அந்தப் படிவம் எங்கள் சமையலறை மேசையில் கிடக்கிறது. ஆறு பக்கம். பிரெஞ்சில் ஒரு வரி, அதன் கீழே ஆங்கிலத்தில் அதே வரி. மாண்ட்ரியாலில் எந்தப் படிவமும் இப்படித்தான். ஒரு கேள்வியை இரண்டு மொழியில் கேட்டுவிட்டுப் பதில் எழுத ஓர் அங்குலம் இடம் விடுவார்கள். இங்கே வந்த ஒன்பது ஆண்டில் நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் ஒரு தலையணை உயரம் வரும். முதன்முதலில் நிரப்பியதில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவைத்தேன். அன்றிலிருந்து இங்கே நான் வேலை பார்க்கும் ஆலையில் எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் இறந்து பதினைந்து வருடம் ஆகிறது; இந்த ஊரில் அவருக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது.

இந்தப் படிவம் ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து வந்தது. என் நண்பன் சீனு ஊரில் எடுத்த படத்தை அவர்கள் ஒளிபரப்ப நினைக்கிறார்கள். எட்டுக் கேள்விக்கு என் மகள் கோதை மளமளவென்று பதில் எழுதிவிட்டாள். ஒன்பதாவதில் பேனாவை வைத்துவிட்டு, "இது நீங்கதான் எழுதணும் அப்பா" என்று எழுந்து போய்விட்டாள்.

ஒன்பதாவது கேள்வி இது: இந்தப் படம் இதற்கு முன் எந்த விநியோகஸ்தரிடமாவது கொண்டுசெல்லப்பட்டதா? ஆம் எனில், அவர் சொன்ன முடிவு என்ன?

உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன். தேநீர் போட்டுக் குடிக்காமல் ஆறவிடுகிறேன். ஜன்னலுக்குப் போய்ப் பனி விழுகிறதா என்று பார்க்கிறேன்; அக்டோபரில் பனி எங்கே விழும்? உண்மையை எழுதினால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய சீனு அதைப் படிப்பான். பத்து வருடமாக அவனிடம் நான் சொல்லிவைத்திருப்பது வேறு. அதனால்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை எழுதிப் பார்க்கிறேன். உங்களிடம் சொல்ல முடிந்தால் அவனிடமும் சொல்ல முடியும் என்று ஒரு நினைப்பு.

2

எனக்கு ராஜபாளையம். சீனுவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். நான் ஒரு நூற்பாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன்; நூலின் முறுக்கை எண்ணுவது என் வேலை. சீனுவின் வீட்டார் ஆண்டாள் கோயிலுக்குப் பூக்கட்டுகிறவர்கள். அவன் பூப்பக்கம் போகாமல் தேரடிக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்தான். சினிமா ஆசை பிடித்த பையன்கள் எல்லாம் மெட்ராஸுக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்த காலத்தில், ஏறாமல் இருந்தவன் அவன் ஒருத்தன்.

"இங்க ரோடு இருக்கு, வெயில் இருக்கு, ஆளுக இருக்காவ. மெட்ராஸ்ல போயி என்னத்தல எடுக்க?" என்பான்.

எடுத்தான். பதினாறு மில்லிமீட்டர், கருப்பு வெள்ளை. கேமரா மதுரையிலிருந்து வாடகைக்கு வரும், ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதற்குக் குடை பிடிப்பது நான். கதை இவ்வளவுதான்: பஸ் ஓடாத ஒரு நாள், ராஜபாளையத்தில் ஷிப்டு முடித்த ஒரு பெண், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாக்கல் வந்து, வ. புதுப்பட்டியில் இருக்கும் வீட்டுக்கு நடந்தே போகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் திரும்பி, பொழுது சாயும்வரை நடக்கிறாள். வழியில் ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். பாட்டு கிடையாது. நடித்தது எங்கள் ஆலையில் வேலை பார்த்த பேச்சியம்மாள். நிஜமாகவே வ. புதுப்பட்டிக்காரி. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை எங்களுக்கு எழுதிக்கொடுத்தாள். "நடிக்கத்தான் தெரியாது. நடக்கத் தெரியும்" என்று அவள் சொன்னதும் சீனு அவளையே வைத்துக்கொண்டான்.

எண்பத்தாறின் கடைசியில் படம் முடிந்து பெட்டிக்குள் அடைந்தது. அப்போதுதான் இதை யாரிடம் காட்டுவது என்ற கேள்வி வந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரே சினிமாக்காரர் விநியோகக் கம்பெனியின் பிரதிநிதி. ரெப் என்போம். படப்பெட்டியோடு தியேட்டருக்கு வந்து, கவுண்டர் ஓரமாக நாற்காலி போட்டு, எத்தனை டிக்கெட் கிழிகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவர். சினிமா உலகத்தின் கடைசிப் படி அவர். எங்களுக்கு அதுதான் முதல் படி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காபியும் வடையும் வாங்கிக் கொடுத்து அவர் பக்கத்தில் நின்றோம். எங்கள் படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து அவரே சலித்துப்போய், "ஏலே, உங்களுக்கு என்னதாம்லே வேணும்?" என்று கேட்டார். அப்போதும் நான் "ஒண்ணுமில்லண்ணே" என்றேன். சீனுதான் சொன்னான்.

ரெப் ஒரு வழி காட்டினார். "எங்க மேனேஜர் மெட்ராஸ்லருந்து ஒரு கல்யாணத்துக்கு வாராரு. உங்க மில்லு கெஸ்ட் ஹவுஸ்லதான் தங்குதாரு. எந்தப் படத்த வாங்கணும், எத விடணும்னு முடிவு பண்ணுததே அவருதான். ராஜபாளையம் நாய்க்குட்டின்னா உசிரு. நல்ல குட்டியா ஒண்ணு கொண்டு போய்க் குடுங்க. பொறவு உங்க விஷயத்தச் சொல்லுங்க."

இந்தப் 'பொறவு' என்பதை அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார், நான் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன் என்பதில்தான் எல்லாம் கெட்டது.

3

எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் ஒரு வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. அவர்கள் லேசில் கொடுக்க மாட்டார்கள். யார் வீட்டுக்குப் போகிறது, காவலுக்கா பெருமைக்கா என்று மாமனார் விசாரணைபோல விசாரித்து, கடைசியில் வீட்டுக்காரர் "ஜாக்ரத்த" என்று சொல்லிக் கையில் வைத்தார். வெள்ளைக் குட்டி, மூக்கு மட்டும் ரோஸ். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

ஏற்பாடு இதுதான். மூன்று மணிக்கு நான் கெஸ்ட் ஹவுஸில் மேனேஜரைப் பார்க்க வேண்டும். நாலு மணிக்கு அவரை இரண்டு தெரு தள்ளி இருந்த தொழிற்சங்கக் கட்டிடத்துக்கு அழைத்து வர வேண்டும். அங்கே சீனு ஒரு பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய புரொஜக்டரில் படத்தை மாட்டிக்கொண்டு காத்திருப்பான். ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டியாயிற்று. எட்டு முழ வேட்டியை இழுத்துக் கட்டித் திரை ஆக்கியாயிற்று. பேச்சியம்மாள் அரை நாள் லீவு போட்டு, அதுவரை கட்டாத புதுச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நீயே போ குமாரு. நீ மில்லு ஸ்டாப்பு, உன்ன உள்ள விடுவாவ. இங்கிலீஷும் வரும். ஒரு வார்த்த, படத்தப் பாருங்கன்னு சொன்னாப் போதும். பிடிக்கலன்னா எந்திரிச்சிப் போவட்டும்" என்றான் சீனு.

மேனேஜர் நல்ல மனிதர். பனியனும் வேட்டியுமாகப் பிரம்பு நாற்காலியில் இருந்தார். குட்டியைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். என்ன தீனி, எத்தனை வேளை, வெயில் தாங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லிக்கொண்டே போனேன். பூச்சி மருந்து, காது கழுவுவது, பால் எம்புட்டு ஊற்றலாம், எல்லாம். நாய் வளர்த்ததே இல்லாத நான் இருபது நிமிடம் நாயைப் பற்றிப் பேசினேன். பிறகு அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"வேற ஏதாவது விஷயமா தம்பி? நீங்க என்னமோ கேக்கணும்னு ரெப் சொன்னாரே."

கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி.

"இல்ல சார். சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

வெளியூர்க்காரர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரியும். ஒருவருக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அன்றைக்கு அவரிடம் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் கொடுத்தது கைக்கூலி ஆகிவிடும். கொடுத்தவனும் கேவலம், வாங்கினவரும் கேவலம். இன்றைக்குக் கொடு. நாலு நாள் கழித்துச் சும்மா போய்த் தலையைக் காட்டு. மூன்றாம் முறை அவரே "என்னப்பா விஷயம்?" என்பார். அப்போதும் ஒருதரம் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். பெண் கேட்பதும் வேலை கேட்பதும் எங்களிடம் இப்படித்தான் நடந்தது. என் அப்பா எனக்கு ஆலையில் வேலை கேட்ட விதமும் இதுதான், ஆறு மாதம் ஆயிற்று.

"சரி, காலைல வாரேன் சார்" என்றேன்.

"காலைல அஞ்சு மணிக்கே நான் கிளம்பிடுவேனே தம்பி."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.  சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன். கேட் வரைக்கும் வந்து திரும்பிப் போகலாம் என்று நின்றேன். இரண்டு தடவை திரும்பினேன். காவலாளி, "என்ன சார், எதையும் விட்டுட்டு வந்துட்டிகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

4

சங்கக் கட்டிடத்தின் படியில் நின்றிருந்தான் சீனு. எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தான். யாரும் இல்லை.

"கேட்டியாலே?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் திட்டியிருப்பான், அடித்துக்கூட இருப்பான். பிறகு அவனே ஓடிப்போய் அந்த மனிதரின் காலைப் பிடித்தாவது கூட்டி வந்திருப்பான். பொழுது இருந்தது. ஆனால் உள்ளே பேச்சியம்மாள் புதுச் சேலையோடு இருப்பது எனக்குக் கதவு வழியாகத் தெரிந்தது. கேட்கக்கூட இவனுக்குத் துப்பில்லை என்று அவர்கள் இருவரும் நினைப்பதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

"கேட்டேன்" என்றேன். "வேண்டாம்ட்டாரு."

"படத்தப் பாக்காமலேயா?"

"கதையச் சொன்னேன்."

"என்ன சொன்னாரு? வார்த்தைக்கு வார்த்தை சொல்லு."

ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணைக்கு ஒன்பது வேண்டும். "கருப்பு வெள்ளைய இப்ப யாரு பாக்கான்னாரு. பாட்டு இல்ல. ஒரு பொம்பள நடந்துக்கிட்டே இருந்தா அதுல என்ன இருக்குன்னு கேட்டாரு. பிள்ளைக்குக் காய்ச்சல்னா தியேட்டருக்கு எவன் வருவான்னாரு."

எனக்கு இன்றும் தூக்கிவாரிப் போடுவது பொய் சொன்னது அல்ல, அந்த வார்த்தைகள். அவை மேனேஜருடையவை இல்லை. இரண்டு வருடமாகக் குடை பிடித்தபடி, கேமராவுக்குப் பின்னால் நின்று, சீனுவிடம் சொல்லாமல் என் மனதுக்குள் நானே நினைத்தவை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அன்றைக்குப் பூசாரி நான்தான்.

சீனு திரும்பி நடந்தான். உள்ளே போய்ப் புரொஜக்டரிலிருந்து படச்சுருளைக் கழற்றினான். பேச்சியம்மாள், "அவியளுக்கு நேரமில்லையாக்கும். பொறவு ஒரு நாளைக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். சாக்கை அவிழ்த்ததும் ஜன்னல் வழியாக வெயில் அப்படியே உள்ளே வந்தது.

அதன் பிறகு அவன் அந்தக் கேமராவை வாடகைக்கு எடுக்கவே இல்லை. அடுத்த வருடம் வீடியோ கேமரா வாங்கி, கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எடுக்க ஆரம்பித்தான். அடுத்த படத்துக்கு ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தான், நானே வாசித்திருக்கிறேன். அந்த நோட்டைப் பற்றிக் கேட்டால், "பாக்க ஆளில்லாத படத்த எடுத்து யாருக்கு?" என்பான். எண்பத்தெட்டில் மைத்துனர் கூப்பிட்டார் என்று குடும்பத்தோடு நான் கனடாவுக்கு விமானம் ஏறினேன். வேலைக்காகத்தான் போனேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறாமல் இருப்பதற்கு அது ஒரு நல்ல சாக்காகவும் இருந்தது.

5

இங்கே ஒரு துணி ஆலையின் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். அங்கே முறுக்கை எண்ணினேன், இங்கே இழையை எண்ணுகிறேன். காலை ஆறரைக்குச் சுரங்க ரயில், மாலை நாலுக்குத் திரும்ப. மேற்பார்வையாளர் பிரெஞ்சில் பேசுவார், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன், கோபம் வந்தால் இரண்டு பேரும் அவரவர் ஊர்ப் பாஷைக்குப் போய்விடுவோம். அவ்வளவுதான் பிழைப்பு.

கோதை ஏழு வயதில் வந்தாள். இப்போது பதினாறு. "நான் பதினாறு வயசு வச்சிருக்கேன்" என்பாள். பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்களாம், வயதையும் பசியையும் ஆள் கையில் வைத்திருப்பார்கள். முதலில் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். அவளுக்கும் எனக்கும் இடையே தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, சாப்பாடு, கதவைப் பூட்டு, எத்தனை மணிக்கு வருவாய் என்ற அளவில் வந்து நின்றிருந்தது.

போன சித்திரையில் ஊருக்குப் போய் வந்த ஒருவரிடம் சீனு ஒரு வீடியோ கேசட்டைக் கொடுத்துவிட்டான். கூடவே ஒரு துண்டுக் காகிதம். "ஏலே குமாரு, படப்பெட்டி துருப்பிடிக்க ஆரம்பிச்சிட்டு. அதான் சுவத்துல ஓடவிட்டு வீடியோல பிடிச்சேன். அங்கன பாக்கவங்க யாரும் இருந்தா காட்டு. இல்லன்னா விடு. வேண்டாம்னு கேக்குதது எனக்குப் புதுசில்லல்லா."

கடைசி வரியைப் படித்துவிட்டுக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். கேசட்டை அலமாரியில் துணிகளுக்கு அடியில் போட்டேன். கோதை எப்படியோ கண்டுபிடித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் விட்டுவிட்டு மினுங்கியது. நடுவில் சீனுவின் மனைவி அலமேலு இருமுகிற சத்தம் கேட்டது. கோதை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாள் கிருஷ்ணன்கோவில் விலக்கில் நின்று இரண்டு ரோட்டையும் பார்க்கும் இடத்தில், "அப்பா, இவங்க எப்பத் தண்ணி குடிப்பாங்க?" என்று கேட்டாள். அவள் குரலில் கவலை இருந்தது. இரண்டு வருடம் கூடவே நடந்த எனக்குத் தோன்றாத கேள்வி அது. ஒரு பொம்பள நடந்துக்கிட்டே இருந்தா அதுல என்ன இருக்கு என்றவன் நான்.

அவள்தான் பள்ளி நூலகத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் குறித்துக்கொண்டு வந்தாள். செப்டம்பரில் ஒரு நாள், ஒரு ஹோட்டல் மண்டபத்தில், சொந்தமாகப் படம் எடுத்தவர்கள் திரைப்பட நிறுவனங்களிலும் தொலைக்காட்சியிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களை நேரில் சந்திக்கலாம். ஒருவருக்கு எட்டு நிமிடம். படம் எடுத்தவர் வர முடியாவிட்டால் அவர் சார்பில் யாரும் வரலாம். என்னிடம் கேட்பதற்கு முன்பே என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

6

மண்டபத்தில் முப்பது வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு அதிகாரி, எதிரே இரண்டு நாற்காலி. எட்டு நிமிடம் ஆனதும் ஒரு பையன் மணி அடிப்பான். எழுந்து போய்விட வேண்டும், அடுத்த ஆள் உட்காருவார். ராஜபாளையத்தில் ஏழெட்டு மாதம் வடை வாங்கிக் கொடுத்துத் தொட்ட கதவு இங்கே ஒரு பெயர்ச் சீட்டை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டால் திறந்துவிடுகிறது. எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. என் சட்டையில் அப்பா பெயர்.

எங்களுக்கு ஒதுக்கியவர் தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படங்களைத் தேர்வு செய்யும் ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும், நரைத்த கிராப்பு, களைத்த கண். கைகுலுக்கினார். நான் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். என் மனைவி செல்வி முந்தின நாள் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கிளறிய பால்கோவா. முதல் தடவை ஒருவரைப் பார்க்க வெறுங்கையோடு போவது எப்படி?

வைத்த அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. கெட்டேன்.

அவர் திறந்து வாசனை பார்த்தார். எதில் செய்தது என்று கேட்டார். சொன்னேன். எந்த ஊர் என்றார். சொன்னேன். எத்தனை நாள் கெடாது என்றார். அதையும் சொன்னேன். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று நான் கேட்டேன். களைப்பாகத் தெரிகிறதே, சாப்பிட்டீர்களா என்றேன். அவர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என் மடியில் இருந்த கேசட்டைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். கோதை மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.  படம் என்ற சொல் தொண்டை வரை வந்து, பக்கத்தில் இருந்த டப்பாவைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போனது.

மணி அடித்தது. நான் எழுந்து கும்பிட்டேன். "உங்களைப் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம்" என்றேன் ஆங்கிலத்தில்.

கோதை எழுந்திருக்கவில்லை. என் கையிலிருந்து கேசட்டை வாங்கி மேசைமேல் வைத்துப் பிரெஞ்சில் பேசினாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. இது எங்கள் மாமா எடுத்த படம். ஒரு பெண் தன் பிள்ளையிடம் போக நாள் முழுக்க நடக்கிறாள். நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். நீங்கள் ஒருமுறை பார்ப்பீர்களா?

நாலே வாக்கியம். அந்தப் பெண்மணி சிரித்தார். "இதைக் கேட்கத்தானே நான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லிக் கேசட்டை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

7

சுரங்க ரயிலில் அவள் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னால் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எட்டு நிமிஷம் அப்பா. நீங்க ஸ்வீட் பத்தி மட்டும் பேசினீங்க. ஏன் கேக்கல?"

எங்கள் பக்கத்துப் பழக்கத்தைச் சொன்னேன். கொடுத்த கையோடு கேட்கக் கூடாது என்பதைச் சொன்னேன். அவள் கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"அது நல்லாத்தான் இருக்கு. ஆனா யாருக்காகக் கேக்கறீங்களோ, அவங்க வெளில நிக்கறாங்களே அப்பா?"

 இரண்டு நிலையம் போனது. பிறகு அவள் கேட்டாள்.

"சீனு மாமா படத்தை மெட்ராஸ்காரங்க வேண்டாம்னு சொன்னாங்கன்னு அம்மா சொன்னாங்க. அவங்ககிட்ட நீங்கதானே போனீங்க? அவங்ககிட்டயாவது கேட்டீங்களா?"

செல்விக்கும் அந்தக் கதைதான் தெரியும். பத்து வருடத்தில் இப்படி என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னமோ. "இல்ல" என்றேன். ரயில் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை உரக்கச் சொன்னேன். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். கோதை தலையைக் குனிந்துகொண்டாள். 

மூன்று வாரம் கழித்து அந்தப் படிவமும், மேலே குத்திய அந்தப் பெண்மணியின் கடிதமும் வந்தன. படத்தை இரண்டு முறை பார்த்தேன், சுவரில் ஓடவிட்டுப் பிடித்ததில் பாதி தெரியவில்லை, அசல் பிரிண்ட் இருக்கிறதா, இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில், படத்தில் நடக்கும் பெண் யார், இதன்பின் உங்கள் நண்பர் எடுத்த படங்களையும் பார்க்க விரும்புகிறேன் என்றிருந்தது.

இதன்பின் எடுத்த படங்கள். அந்த இடத்தில்தான் நான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். மூன்று நாளாக நடக்கிறேன்.

8

இவ்வளவும் எழுதிவிட்டு இன்று சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம், ஸ்டூடியோவில் இருப்பான். கோதை எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஏலே குமாரா! என்னலே, இந்நேரத்துல? எல்லாரும் சொகமா? பிள்ள எப்படி இருக்கா?"

"சீனு, ஒரு விஷயம் சொல்லணும்."

"செத்த இரு, வெளிய மேளம் அடிக்கான், கதவச் சாத்திட்டு வாரேன்." போனான், வந்தான். "ம், சொல்லு. ஊருல மழையா?"

"மழ இல்ல. சீனு, உன் படத்த இங்க ஒரு டிவில கேக்காங்க. ரெண்டு தடவ பாத்துட்டாங்களாம். பெட்டியோட அனுப்பச் சொல்லுதாங்க."

  நிறுத்தினால் நின்றுவிடுவேன் என்று தெரியும். நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. அன்னைக்கு கெஸ்ட் ஹவுஸ்ல நான் கேக்கல. அவரு வேண்டாம்னு சொல்லல. குட்டியக் குடுத்தேன், நாயப் பத்திப் பேசினேன், வந்துட்டேன். வேற என்ன விஷயம்னு அவரே கேட்டாரு, நான் ஒண்ணுமில்லன்னுட்டேன். உன்கிட்ட சொன்னதெல்லாம் நானாச் சொன்னது."

லைனில் இரைச்சல்.  திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"கேக்கவே இல்லியா?" என்றான்.

"இல்ல."

"அப்போ அவரு வேண்டாம்னு சொல்லல."

"சொல்லல."

"கருப்பு வெள்ளன்னு சொல்லல. நடந்துக்கிட்டே இருக்கான்னு சொல்லல."

"இல்ல சீனு. அவருக்கு இப்படி ஒரு படம் இருக்கதே தெரியாது."

ரிசீவரை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. பிறகு தூரத்தில் அவன் குரல், உடைந்து, உரத்து: "ஏட்டி அலமேலு! இங்க வா. அவரு வேண்டாம்னு சொல்லலியாம்ட்டி! ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லலியாம்!" அந்த அம்மா என்னவோ கேட்டாள். அவன் பதில் சொல்ல முடியாமல் அழுதான். பத்து வருடத்து அழுகையை நான் ஒரு சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். போனை வைக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை.

வெகுநேரம் கழித்து ரிசீவரை எடுத்தான். மூக்கை உறிஞ்சினான். குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"அங்க யாரு கேட்டா? நீயா?"

"இல்ல. கோதை."

"பிள்ள பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா."

"அவகிட்ட குடு. இனிமே எம் படத்தப் பத்தி நீ பேச வேண்டாம் குமாரு. அவ பேசட்டும்."

கொடுத்தேன். கோதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "மாமா, நான் கோதை. எனக்குத் தமிழ் கொஞ்சம் மெதுவா வரும்" என்று ஆரம்பித்தாள். அவன் அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, அவள் சிரித்தாள். நான் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.